சத்தப் பாதுகாப்பு

அல் குசைஸ், துபாய்
4 மார்ச் 2005

அன்புத் தங்கச்சி தேவகனிக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் உன் மதினி ஜினியும் சுகம். சவுதியில், அந்தத் தம்மாம் ஆஸ்பத்திரியில் உன் நர்ஸ் டியூட்டி எப்படி? கடையில் வியாபாரம் ஓடுகிறது. இந்த ஊரில் தோண்டாத இடம் இல்லை; ஹெல்மெட், கையுறை, காதுக் கவசம் என்று எது வந்தாலும் சைட்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

நீ அனுப்பிய உறை கிடைத்தது. கடிதம் அரைப் பக்கம், நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதமோ மூன்று பக்கம். கடிதத்தைவிடக் காகிதம் பெரிதாக வந்தால் நான் பேனாவைத் திறப்பதில்லை.

ஊரில் நம் மேட்டு நிலத்தை ஒட்டியிருக்கிற, துப்பாக்கி சுடப் பழகுகிற ரைஃபிள் கிளப்புக்காக ‘சத்தப் பாதுகாப்பு மசோதா’ ஒன்று சட்டசபைக்கு வருகிறது, பக்கத்து நிலக்காரர்கள் ஆதரித்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஊரில் இருக்கிற மாப்பிள்ளை எபின் வாங்கி அனுப்பச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். நிலம் என் பேரில் இருப்பதால் என் கையெழுத்து. சரி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சட்டம் நமக்கு நல்லது செய்யும் என்றால் நாம்தானே அலைய வேண்டும்? சுடுகிறவன் ஏன் தன் செலவில் டைப் அடித்து வீடு வீடாகக் கொடுக்கிறான்? வாங்குகிறவனைவிட விற்கிறவன் அவசரப்பட்டால் நான் பெட்டியைப் பிரிக்காமல் சரக்கு எடுப்பதில்லை.

அந்த நிலத்தில் அஸ்திவாரம் போட்டாயிற்று. நீ வந்து, ஒரு டாக்டரம்மாவை வைத்து, பிரசவ ஆஸ்பத்திரி நடத்தப் போகிறாய். உன் மதினிக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் ஆட்டோவிலேயே பிள்ளை போனது போல நம் ஊரில் இன்னொருத்திக்கு ஆகக் கூடாது. அதனால்தான் கேட்கிறேன். கோபப்படாதே.

அண்ணன்
தேவசுந்தரம்


தம்மாம்
19 மார்ச் 2005

அன்புள்ள அண்ணனுக்கு தங்கை தேவகனி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நான் நலம். ராத்திரி டியூட்டி மாறி இப்போது பகல். ஹாஸ்டலில் போன் வராந்தாவில் இருக்கிறது, பேசினால் எல்லா ரூமும் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

பேரிலேயே பாதுகாப்பு என்று இருக்கிறதே அண்ணே. சத்தத்திலிருந்து பாதுகாப்பு. நமக்கு அதுதானே வேண்டும்? மற்ற நிலக்காரர்கள் பெரும்பாலும் போட்டுவிட்டார்களாம். நாம் மட்டும் போடாமல் நின்றால் உங்கள் மாப்பிள்ளைக்குத்தான் ஊரில் சங்கடம்.

நீங்கள் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறீர்கள். அவங்க கையால் வருகிற காகிதம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. கல்யாணத்தின்போதே பார்த்தேன், மாப்பிள்ளையின் சர்டிபிகேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள்.

மதினிக்கு என் அன்பு. காகிதத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

தேவகனி


அல் குசைஸ்
2 ஏப்ரல் 2005

அன்புத் தங்கச்சிக்கு,

சர்டிபிகேட்டை வெளிச்சத்தில் பார்த்தது உண்மை. உன்னைக் கட்டிக் கொடுக்கும்போது வேறு எதைப் பார்ப்பேன்?

நாகர்கோவில் வக்கீல் சிவசங்கரனிடம் சொல்லி மசோதா வரைவை பேக்ஸில் வாங்கினேன். படிப்பதற்கு முன்னால் கடைப் பையன்களில் மூத்தவன் கலீலுர் ரஹ்மானைக் கூப்பிட்டேன்.

“கலீலு, கண் பாதுகாப்புன்னு பெட்டியில போட்டிருந்தா அது எதைக் காப்பாத்தும்?”

“கண்ணை, அண்ணாச்சி.”

“காதுப் பாதுகாப்பு?”

“காதை.”

“அப்போ சத்தப் பாதுகாப்பு?”

“சத்தத்தையா? ஏன் அண்ணாச்சி, அதுக்கு என்ன, காய்ச்சலா?”

அதேதான் தங்கச்சி. அது சத்தத்திலிருந்து உன்னைக் காக்கிற சட்டம் இல்லை. உன்னிடமிருந்து சத்தத்தைக் காக்கிற சட்டம். முன்பே நடந்துவருகிற சுடுதளத்துக்குப் பக்கத்தில் பின்னால் வந்து கட்டடம் கட்டுகிறவர், சத்தம் என்று சொல்லி வழக்குப் போட முடியாது. போட்ட வழக்கும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் சுட்டாலும் கேட்க ஆளில்லை. இதைத்தான் நான் ‘மனமார வரவேற்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

ஊரில் பாதிப் பேர் அந்த வார்த்தையைப் பார்த்து ஏமாந்து போட்டிருப்பார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை பி.ஏ. படித்தவர், மூன்று பக்கத்தையும் கையில் வைத்திருந்தவர். அவருக்குப் புரியவில்லை என்றால் நான் நம்பத் தயாரில்லை. புரிந்தும் அனுப்பினார் என்றால், ஏன்?

நேராகச் சொல்கிறேன். கிளப்பிலிருந்து அவருக்கு ஏதோ கிடைக்கிறது.

தேவசுந்தரம்


தம்மாம்
16 ஏப்ரல் 2005

அண்ணனுக்கு,

கையெழுத்துப் போட வேண்டாம். காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அவங்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நான் அன்று சாப்பிடவில்லை. இனி அப்படி எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும் யோசியுங்கள். சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் சத்தம் இருக்கத்தான் போகிறது. அந்த வெடிக்குப் பக்கத்தில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சி வந்து படுப்பாள்? கட்டட வேலையை நிறுத்தி வைக்கலாமே. யாருக்கும் நஷ்டம் இல்லை.

தேவகனி


அல் குசைஸ்
6 மே 2005

அன்புத் தங்கச்சிக்கு,

நீ எழுத வேண்டாம் என்றதை எழுதத்தான் போகிறேன்.

கலீல் லீவில் ஊருக்குப் போனான். ஒரு எட்டு நம் நிலத்தைப் பார்த்து வரச் சொன்னேன். ஆமாம், வேவு பார்க்கத்தான். நேற்று திரும்பி வந்தான்.

“எப்படிடா சத்தம்?”

“அண்ணாச்சி, வேலிக்கு அந்தப் பக்கம் ஜலஜான்னு ஒரு பொம்பள கைப்பிள்ளைக்குப் பால் குடுத்துட்டிருந்தா. ஒவ்வொரு வெடிக்கும் பிள்ளை மாரை விட்டுருது. மறுபடி வைக்கிறா, மறுபடி விட்டுருது. கடைசியில ரெண்டும் அழுது.”

“மாப்பிள்ளையைப் பார்த்தியா?”

தலையைக் குனிந்துகொண்டான். “பார்த்தேன்.”

“எங்க?”

“கிளப்பு வராந்தாவில. செக்ரட்டரி பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருந்தாங்க.”

இதற்கு மேல் நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? பக்கத்தில் ஒரு பிள்ளை பால் குடிக்க முடியாமல் அழுகிறது, இவர் அங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறார். நான் ஜூனில் ஊருக்குப் போகிறேன். சபைப் பெரியவர்களை உட்கார வைத்து, அவர்கள் முன்னால் மாப்பிள்ளையை ஒரே ஒரு கேள்வி கேட்பேன். என்ன வாங்கினீர் என்று. உனக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

அண்ணன்


தம்மாம்
20 மே 2005

அன்புள்ள அண்ணே,

சபையைக் கூட்டாதீர்கள். அவங்க எதுவும் வாங்கவில்லை.

அந்தக் காகிதத்தைக் கிளப்பில் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பச் சொன்னவள் நான்தான்; அவங்க சொன்னதாக உங்களுக்கு எழுதியது பொய். வரைவை அவங்க முழுதும் படித்து, போனில் எனக்கு வரி வரியாகச் சொன்னாங்க. ‘இது நமக்கு எதிரான சட்டம், தேவி. துபாய் அத்தான்கிட்ட நேரா சொல்லிரு, இந்தச் சுத்து வழி வேண்டாம்’ என்று எவ்வளவோ சொன்னாங்க. நான் கேட்கவில்லை. அவங்க கிளப்புக்குப் போனது, பால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், காலை நேரத்திலாவது சுடாதீர்கள் என்று கெஞ்ச. டீ கொடுத்தார்களாம். வேறு ஒன்றும் கொடுக்கவில்லை.

எனக்குப் பிரசவ ஆஸ்பத்திரி வேண்டாம் அண்ணே. ஊருக்குத் திரும்பி வரவும் இஷ்டம் இல்லை. அயர்லாந்தில் வேலைக்கு எழுதிப் போட்டேன், கிடைத்துவிட்டது. அவங்களும் கூட வருகிறாங்க.

நீங்கள் அஸ்திவாரம் போட்ட அன்று போனில் அழுதீர்கள். மதினியும் அழுதார்கள். அந்த அழுகைக்கு நடுவில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? அந்தச் சட்டம் வந்தால், இனி இங்கே ஆஸ்பத்திரி நடக்காது என்று நீங்களே விட்டுவிடுவீர்கள், நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஜலஜாவின் பிள்ளை என் நினைவில் வரவே இல்லை. நானும் ஒரு நர்ஸ்.

எல்லாரையும் சந்தேகப்பட்டீர்கள். கிளப்பை, கிளப்புக் காகிதத்தை, அவங்களை. என்னை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தேவகனி


அல் குசைஸ்
10 ஜூன் 2005

தங்கச்சிக்கு,

பதில் எழுதத் தாமதம். ஊருக்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். அவர் “விடுங்க அத்தான், உங்களுக்கு விஷயமே தெரியாதுல்லா” என்றார். அதற்குப் பிறகு கேட்க என்ன இருக்கிறது?

மசோதாவுக்கு எதிர்ப்பு மனு போகிறது. ஏமாந்து கையெழுத்துப் போட்டவர்களைத் தேடிப் பிடித்து, திரும்பப் பெறுகிறோம் என்று எழுதி வாங்கியவர் அவர்தான். விசா வரும்வரை மற்ற வீடுகளுக்கும் போவதாகச் சொல்லியிருக்கிறார். ஜலஜா முதல் ஆளாகப் போட்டாளாம். நானும் போட்டு அனுப்பிவிட்டேன். ஆஸ்பத்திரி இல்லாவிட்டாலும் அங்கே ஆள் குடியிருக்கிறார்கள்.

ஜினியிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “ஆஸ்பத்திரி வேணுமான்னு அவளை நீங்க எப்பமாவது கேட்டியளா?” என்றாள். நான் கடிதத்தை மடித்தேன். “நானும் கேட்கல்ல” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அயர்லாந்து போ. குளிர் ஊர் என்கிறார்கள். போகிற வழியில் துபாயில் இறங்கி எங்களோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போனால் எங்களுக்குச் சந்தோஷம்.

ஆனால் ‘சரி அண்ணே, வருகிறேன்’ என்று எழுதிவிடாதே. சின்ன வயதிலிருந்து நீ சொன்ன எல்லாச் சரியையும் இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். நர்சிங் படிக்கிறேன் என்று சொன்ன சரி, தம்மாமுக்குப் போகிறேன் என்று சொன்ன சரி. எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை. வர இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று எழுது. அதை ஒரு வார்த்தை கேட்காமல் நம்புவேன்.

அண்ணன்
தேவசுந்தரம்