தொட்டிக்குப் போட்ட பூட்டு

வட்டவளை

அன்பு மகன் மிலானுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் உடம்பு நடமாடுகிறது, அங்கே வெயிலில் நீயும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். எங்களைக் கேட்காமல் டோஹாவிலிருந்து தொழிற்சங்கத் தலைவர் சின்னராசாவுக்கு ஃபோன் எடுத்து, நம் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்கு வரும் தண்ணீரை அவர் கையில் நீ ஒப்படைத்தது அநியாயம். தண்ணீர் குறைகிறது என்று கேள்விப்பட்டு நல்லதை நினைத்துத்தான் செய்திருப்பாய். அவர் தொட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். அவர் எழும்பிய பிறகுதான் திறக்கும். கொழுந்துக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு நிற்பதா, தண்ணீருக்கு நிற்பதா?

ஓடையிலிருந்து பைப் இழுத்தது தோட்டத்தை நடத்துகிற துரையும் இல்லை, சங்கமும் இல்லை, லயத்து ஆட்கள் நாங்கள். தண்ணீர் குறைந்த காலத்தில் கைப்பிள்ளைக்காரிக்கு முதல் குடம் என்று எல்லோரும் கூடித்தான் முடிவெடுத்தோம். தோட்டத்தின் கீழ் டிவிசன் ஆட்களோடு தண்ணீர் பற்றிப் பேச ஆள் அனுப்பினால் நாங்கள் சொன்னதை மட்டும் சொல்லி வர வேண்டும், தன் பாட்டுக்குப் பேசினால் அடுத்த முறை வேறு ஆள். தலைவன் இல்லாத பொதுவுடைமை என்று நான் வாசித்த புத்தகத்தில் இதற்குப் பெயர் போட்டிருக்கிறது, எங்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. தோட்டத்தை அரசாங்கம் எடுத்தால் எல்லாம் சரியாகும் என்கிறாய். என் சின்ன வயதில் அரசாங்கம்தான் தோட்டத்தை எடுத்தது, துரை மாறினார், பெரட்டு மாறவில்லை. பிறகு கம்பனி வந்தது, அதே பெரட்டு.

சின்னராசாவிடம் போய்க் கேட்டேன். ஒங்க மகன் சொல்லித்தானக்கா செஞ்சேன், பொறுப்புக்கு ஒரு ஆளு வேணாமா என்றார். பொறுப்பு எல்லாருக்கிட்டயும் இருந்துச்சு, நீங்க பூட்டுனதும்தான் இல்லாமப் போச்சு என்றேன். உன் தாய் என்பதால் எனக்கு மட்டும் ஒரு சாவி நீட்டினார். வாங்கவில்லை. வாங்கியிருந்தா தொரசாணின்னே கூப்பிட்டிருப்போம் என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற மீனம்மா சிரித்தாள். எல்லோரோடும் ஓடையில்தான் அள்ளுகிறேன், முழங்கால் வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் கூடுகிறோம், யாருக்கும் நாற்காலி போட மாட்டோம். மீனம்மா காம்பரா காம்பராவாகச் சொல்லி வருவாள். ஆண்கள் அன்று சோறாக்கட்டும், பெண்கள் இருந்து பேச வேண்டும். சின்னராசா பூட்டைத் தானே கழற்ற வேண்டும், கழற்றினால் அவருக்கும் எல்லோரையும் போலத் தண்ணீர் வரிசையில் ஒரு முறை உண்டு. கழற்றாவிட்டால் எல்லோருமாகக் கழற்றுவோம். அந்தத் தண்ணீரைக் கொடுக்க உனக்கு உரிமை இல்லை என்பதை நீ உன் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும். நத்தார் பண்டிகைக்கு லீவில் வரும்போது பைப் கழுவ நீயும் இறங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கூட்டத்தில் உன் பேச்சு.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிறுக்கு முன் அவருக்கு ஃபோன் எடு.

உன் அம்மா
இசபெல்