எரிபொருள் குழாயைப் பார்த்தவர் யார்

திண்டிவனம்
3.3.2025

அன்புள்ள மலருக்கு,

நலம்தானே? என் நம்பரைத் தடுத்துவிட்டாய், அதனால்தான் காகிதம். விழுப்புரத்தில் அத்தை கைச் சாப்பாட்டில் தேறியிருப்பாய்.

பத்தாம் தேதி நம் விமானப் பயிற்சிப் பள்ளியில் விசாரணை. பயிற்சி விமானத்தின் எரிபொருள் குழாயைச் சோதித்ததாகப் பதிவேட்டில் இருப்பது உன் கையெழுத்துதான் என்று சொல்லிவிடு. நீ லைசென்ஸ் உள்ள இன்ஜினியர், கவனப்பிசகு என்று சில மாதம் நிறுத்துவார்கள். வெறும் மெக்கானிக் நான் போட்டேன் என்றால் கேஸ். அன்றைக்கு நீ தம்பி குழந்தைக்குக் காது குத்தப் போயிருந்தாய், மேனேஜர் அவசரப்படுத்தினார், உன் கையெழுத்தை நானே போட்டேன். காஸ் புக், ரேஷன் மனு எல்லாவற்றிலும் கல்யாணமாகி எட்டு வருஷமாக உனக்கு நான்தானே போடுகிறேன்?

உன்
இனியவன்

விழுப்புரம்
5.3.2025

மாமாவுக்கு,

அம்மா நன்றாகத்தான் சமைக்கிறாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

காஸ் புக்கும் விமானமும் ஒன்றா? நான் கையெழுத்துப் போட்டால், கையால் தடவிப் பார்த்தேன், இது பறக்கலாம், இதற்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். நீங்கள் மூடியைக்கூடக் கழற்றவில்லை. திரும்பி வந்து நான் கழற்றினால், குழாய் உரசி நூலாய்த் தேய்ந்திருக்கிறது. அந்தக் குழாயோடு விமானம் நாலு நாள் பறந்திருக்கிறது. மூன்றாம் நாள் நம் மாணவி ஆர்த்தி தனியாக ஏறியிருக்கிறாள், பத்தொன்பது வயசு. பதிவேட்டில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "மலர்க்கா பாத்துட்டாங்க, அப்புறம் இன்னா பயம்" என்றாளாம்.

உங்களை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

மலர்விழி

திண்டிவனம்
7.3.2025

அன்புள்ள மலருக்கு,

அந்தப் பெண் பத்திரமாக இறங்கிவிட்டாளே, பிறகென்ன? இங்கே என் அம்மா தினமும் அழுகிறார். குடும்பத்தைக் கெடுக்காதே.

உனக்குச் சிரமம் வேண்டாமென்று, தவறு உன்னுடையது என ஒரு விளக்கக் கடிதம் நானே எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். கீழே உன் கையெழுத்தும் போட்டாயிற்று. நகல் இத்துடன். நீ ஆமாம் என்று சொன்னால் போதும்.

உன்
இனியவன்

விழுப்புரம்
11.3.2025

திரு. இனியவன் அவர்களுக்கு,

அந்த நகலை விசாரணையில் மேஜைமேல் வைத்தேன். வெள்ளைத் தாளில் பத்து முறை கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். பதிவேட்டிலும் கடிதத்திலும் இருப்பவை அதோடு ஒக்கவில்லை, யார் போட்டது என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல வாய் கூசியது.

எட்டு வருஷம் நீங்கள் போட்டதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது என் தப்பு. அதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் லைசென்ஸையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பிரிவதற்கான தாள்களை வக்கீல் அனுப்புவார். உங்கள் பெயருக்கு நேரே மட்டும் போடுங்கள். என் இடத்தை விட்டுவையுங்கள், நானே வந்து போடுகிறேன்.

மா. மலர்விழி