யாருக்கும் நோயில்லாத செவ்வாய்க்கிழமை

ஷெஃபீல்ட்,
வியாழக்கிழமை

அன்புள்ள இப்திசாம் அக்காவுக்கு,

உன் தங்கை ஷைமா எழுதுகிறேன். அபர்டீன் குளிரில் அல்லாஹ் உன்னை நலமாக வைத்திருக்கட்டும்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். சர்க்கரையால் இடது காலில் வந்த புண் புரையோடிவிட்டது. ஊசி வழியாக மருந்து ஏறுகிறது. திங்கட்கிழமை வரை பார்ப்பார்களாம். மருந்து கேட்காவிட்டால் இரண்டு விரல்களை எடுக்க வேண்டும். அதிலும் அடங்காவிட்டால் பாதம். டாக்சியில் கிளட்ச் மிதிக்கிற கால், அக்கா.

வார்டுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்காரவும் முடியவில்லை. கொஞ்சம் எழுதிவிட்டு எழுந்து போய்க் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். அப்பா தூங்குகிறார். அம்மா அவர் போர்வையை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள்.

நம் தெரு கிளினிக்கிற்கு இந்தச் செவ்வாய்க்கிழமை ஆய்வுக்காரர்கள் வருவதாக வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். போன முறை வந்தவர்கள் ‘முன்னேற வேண்டும்’ என்று எழுதிவிட்டுப் போனது உனக்குத் தெரியும். இந்த முறையும் அப்படியென்றால் மூடிவிடுவார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. டாக்டர் ஓடுயா இல்லாமல் நாம் எங்கே போவது? லியாகத் மாமாவின் மளிகைக் கடையில் கூட்டமே போட்டார்கள். நான் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என் கடைக்கு சுகாதார ஆபீசர் வந்தப்ப நான் என்ன பண்ணேன்? ஒருத்தரையும் உள்ள விடல. தரையக் கழுவிப் பளபளன்னு வச்சேன். அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டுப் போனான். கூட்டத்தப் பாத்தா குப்பைன்னு எழுதிருவாங்கப்பா. செவ்வாக்கிழமை எவனுக்கும் எந்த நோயும் இருக்கக் கூடாது” என்றார் மாமா.

ஜமைக்காக்கார வின்சம் அம்மாவுக்கு ஆஸ்துமா. “நீ சொன்னா இருமல் நிக்குமா, லியாகத்? உன் கடை மீன மோந்துதான் இருமலே வந்துச்சு” என்றார்.

“அப்ப வீட்டுக்குள்ள இரு தாயி. கதவச் சாத்திட்டு இருமு.”

எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் சம்மதித்தார்கள். செவ்வாய் காலை அப்பாவுக்குக் கால் கட்டு மாற்றும் முறை. “ஒரு நாள்தானே, புதன்கிழமை போய்க்கிறேன்” என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

பள்ளி விடுமுறை. ஆய்வு எப்படி நடக்கும் என்று பார்க்கும் ஆசையில் செவ்வாய் காலை ஒரு புத்தகத்தோடு கிளினிக்கிற்குப் போனேன். கதவு திறக்கும் முன்பே வரிசை தெருமுனை வரை நிற்கிற இடத்தில் ஒருவரும் இல்லை. உள்ளே நாற்காலிகள் அத்தனையும் காலி. வரவேற்பில் இருக்கிற டோரீன் தொலைபேசியைத் தூக்கித் தூக்கி வேலை செய்கிறதா என்று பார்த்தாள். “ஏண்டி கண்ணு, ஊரே செத்துப்போச்சா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

ஆய்வுக்கார அம்மா ஒருவர், நரைத்த முடி, கழுத்தில் அடையாள அட்டை, நடு அறையில் நின்றார். எப்போதுமே இப்படித்தானா, நோயாளிகள் இங்கே வருவதை விட்டுவிட்டார்களா என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் முகம் சுருங்கிவிட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. கடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன், வெங்காய மூட்டை உட்பட. அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, தலையைக் குனிந்து சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. “உங்கப்பாவும் வீட்லயா இருக்காரு?” என்றார். ஆமாம் என்றேன். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். நேற்றிலிருந்து உடம்பு நடுங்குகிறது என்றேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். “நான் திரும்பி வந்து பதில் சொல்றேங்க” என்று அந்த அம்மாவிடம் சொன்னபோது வாசலைத் தாண்டியிருந்தார். நானும் பின்னாலேயே வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா காலைத் தலையணை உறைக்குள் நுழைத்து, வாடை வராதபடி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். டாக்டரைப் பார்த்ததும் எழப் பார்த்தார். “இங்க எதுக்கு வந்தீங்க? அங்க உங்களுக்குப் பரீட்சை நடக்குது. போங்க, போங்க.”

“வாய மூடிட்டு காலக் குடு முக்பில்” என்றார் டாக்டர். முடிச்சை அவிழ்த்ததும் டாக்டரின் முகத்தைத்தான் நான் பார்த்தேன். பிறகு காலைப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்ததும் எல்லாக் கதவும் திறந்தன. டாக்டரையே தெருவில் பார்த்துவிட்ட பிறகு யார் வீட்டுக்குள் இருப்பார்கள்? மதியத்துக்குள் கிளினிக் நிரம்பி நடைபாதை வரை நின்றார்களாம். ஆய்வுக்கார அம்மா ஒவ்வொருவரிடமும் என்ன உடம்புக்கு என்று கேட்டிருக்கிறார். மாமா சொன்னதை மறக்காமல், எனக்கு ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்று ஒருவர் விடாமல் சொன்னார்களாம். வின்சம் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, “குளிர் காய வந்தேன் மேடம்” என்றாராம். ஆய்வு முடிவு வரச் சில வாரமாகும். லியாகத் மாமா கடையை அடைத்துவிட்டு இங்கே கீழே கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டே இருக்கிறார். மேலே வரச் சொன்னால் மாட்டேன் என்கிறார்.

உனக்கும் அப்பாவுக்கும் நடந்த சண்டையைப் பற்றி நான் எதுவும் எழுத மாட்டேன். நேற்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன். காய்ச்சல் ஏறி அப்பாவால் பேச முடியாமல் போனால், அறுவையைப் பற்றிக் கலந்துபேச ஆங்கிலம் தெரிந்த பெரியவர் யாராவது கூட இருக்க வேண்டும் என்றாள் நர்ஸ். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எனக்குப் பதினெட்டு ஆகவில்லை. உடனே அப்பா, “என் பெரிய மக இருக்கா” என்று உன் எண்ணைப் பார்க்காமலே ஒப்பித்தார். காய்ச்சலிலும் ஒரு இலக்கம் தவறவில்லை. நீ மாற்றிவிட்ட பழைய எண். அது இப்போது இல்லை என்று நர்ஸ் என்னிடம் வெளியே வந்து சொன்னாள். உள்ளே போனதும் அப்பா, “எடுத்தாளா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, “வேலைல இருப்பா. சாப்பிடுற நேரத்துல எடுப்பா” என்றார். இன்றும் சாப்பாட்டு நேரத்தில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருநாளுக்கு நீ அனுப்பிய புத்தகத்தின் உறையில் இருந்த விலாசம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்தத் தாளின் பின்னால் என் எண்ணை எழுதியிருக்கிறேன், உன் புது எண்ணை உடனே அதற்கு அனுப்பு அக்கா. நீ புறப்பட்டு வர வேண்டாம். அவரிடம் நிறையப் பேசவும் வேண்டாம். திங்கட்கிழமைக்குள் ஒரு தடவை, அப்பா கூப்பிட்டு மணி அடிக்கும்போது எடு. அல்லாஹ் உன் மனதையும் அப்பாவின் காலையும் லேசாக்கட்டும்.

உன் தங்கை,
ஷைமா