உன் பெயரை எடுத்த காலை

இன்று காலை அம்மா சுக்கு இடித்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க அந்தக் காரம். அப்போது போனில் ஓர் ஆர்டர் வந்தது. திருப்பூணித்துறையிலிருந்து யாரோ ஒரு சேச்சி. கூப்பன் என்ற இடத்தில் உன் பெயர். நீ போய் இத்தனை மாதங்களுக்குப் பிறகு அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கீழே அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "இது வீடியோல பேசற அந்தக் குட்டியோட அம்மா செய்யற பொடிதானே?"

பத்தாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டபோது மட்டாஞ்சேரியில் எல்லோரும் காரணம் கேட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்த நீ மட்டும் கேட்கவில்லை. "அப்ப பகல்ல வீட்லதானே இருப்பே? ரீல்ஸ் எடுக்கலாம்" என்றாய். அம்மாவின் சுக்குக்காப்பிப் பொடியைப் போனில் விற்பது உன் யோசனை. கூப்பனில் உன் பெயரைப் போட்டு வாங்குகிறவர்களுக்கு விலை குறையும், உனக்கும் ஒரு பங்கு.

முதல் ரீல்ஸில் என்னைத்தான் பேசச் சொன்னாய். எனக்குக் குரலே வரவில்லை. "எடீ, அந்தப் பாக்கெட் உன்னைவிட நல்லா பேசும்" என்று சிரித்தாய். பிறகு ஜன்னலோரம் போய் நின்றாய். "போனைப் பாக்காதே. நான் இங்க நிக்கறேன்ல, என்னைப் பாத்துப் பேசு." ஒரு வரி பேசினேன். அதற்கப்புறம் நான் எழுதினேன், நீ பேசினாய்.

சின்ன வயதில் மழைக்காலம் முழுக்க எனக்கு இருமல். சீரகம் கருகினால் என் தொண்டையைப் பிடிக்கும் என்று, அடுப்பை அணைத்த பிறகுதான் அம்மா அதைச் சட்டியில் போடுவாள். அதையும் உனக்கு எழுதிக் கொடுத்தேன்.

நீ காலேஜ் சேர்ந்து எர்ணாகுளத்துக்குப் போனாய். என் மெசேஜ்கள் நீல டிக்கோடு நின்றன. புது பாக்கெட்டுகளை ஹாஸ்டலுக்கு அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை.

"வராத ஆளுக்கு எதுக்குடி நாற்காலி? அவ பேரை எடுத்துடு" என்றாள் அம்மா.

"அவளுக்கு எக்ஸாம்மா."

"வருஷம் முழுக்கவா?"

பதில் சொல்லவில்லை என்பதற்காக ஒருத்தியை விலக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் பலருக்குப் பதில் சொல்லாதவள்தான்.

பிறகு உன் புது வீடியோவைப் பார்த்தேன். கையில் வேறொரு கம்பெனியின் சுக்குக்காப்பி. "சின்ன வயசுல எனக்கு மழை வந்தாலே இருமல். எங்கம்மா அடுப்பை அணைச்சிட்டுத்தான் சீரகம் போடுவாங்க" என்றாய். உன் அம்மா சுக்குக்காப்பியை வாயில் வைக்கமாட்டார்கள். நீ இருமி நான் பார்த்ததே இல்லை. என் அம்மாவும் அதைப் பார்த்தாள். "நல்லா பறையறா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போனாள்.

அப்போதும் உன் பெயரை நான் எடுக்கவில்லை. எங்கள் கடைக்கு இருந்த ஒரே குரல் உன்னுடையது. எடுத்துவிட்டால் நீ உண்மையாகவே போய்விடுவாய் என்றும் பயம். வேறு பொடியை நீ விற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இன்று, என் வீட்டில், என் அம்மா இடித்துக்கொண்டிருக்கும்போதே, இது உன் அம்மாவின் பொடியா என்று ஒருவர் கேட்கிறார்.

உன் பெயரை அழித்தேன். ஒரு விரலின் வேலைதான்.

அந்தச் சேச்சிக்குப் பதில் எழுதத் தொடங்கி நிறுத்தினேன். எழுதினால், அதுவும் வேறு யாரோ பேசுவதற்கான வரியாகிவிடும் என்று தோன்றியது. குரலைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினேன். "சேச்சி, இது என் அம்மா செய்யற பொடி. இருமினது நான்தான்."

அம்மா உலக்கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் அவளையும் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை. அன்று நீ நின்ற அந்த ஜன்னலோரத்தைப் பார்த்துத்தான் பேசி முடித்தேன். வேறு எங்கே பார்த்துப் பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.