டாக்டர் சொன்ன சொல்

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

முடி வெட்டுற அக்கா எழுதுறேன். போன வாரம் ஆஸ்பத்திரியில டாக்டர் பேசினதை எனக்குத் தமிழ்ல சொன்னீங்களே, அதே அக்காதான். உங்க விலாசம் தெரியாது, வரவேற்பறையில குடுத்துட்டுப் போறேன். வலது கை இன்னும் சரியாகலை, இது இடது கை எழுத்து, கோழி கிறுக்கின மாதிரி இருந்தா சிரிக்காதீங்க.

நன்றி சொல்லத்தான் எழுதுறேன். "எவ்வளவோ முயற்சி பண்ணாங்க அக்கா, ஆபரேஷன் கைகூடலை"ன்னு நீங்க சொன்ன விதம் இருக்கே, அழுகை வந்தாலும் மனசுக்கு இதமா இருந்துச்சு. நான்கூட டாக்டர் கையைப் பிடிச்சு நன்றி சொன்னேன். அவர் முகம் ஏனோ செவந்துபோச்சு. பாவம், கூச்ச சுபாவம் போல.

வீட்டுக்காரர்தான் விடமாட்டேங்கறார். "அவங்க ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க. நீதான் கட்டு பிரிச்சதும் விரலை மடக்கிப் பழகலை"ங்கறார். யோசிச்சா அதுவும் சரின்னுதான் படுது. வலிக்குதுன்னு அப்பப்ப விட்டுட்டேன். கட்டைவிரல் மடங்காம கத்தரிக்கோல் பிடிக்க முடியலை. சலூன்ல இப்ப முடி கூட்டுறேன், துண்டு துவைச்சுப் போடுறேன். என் நாற்காலிக்குப் பின்னாடி வேற ஆள் நிக்குது. என் சோம்பேறித்தனத்துக்கு யாரை நொந்துக்கிறது?

ஒருநாள் வீட்டுக்கு வாங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உங்க அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. சோம்பேறித்தனம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பழியை உங்கள் தலையில் ஏற்றியவள் நான்.

டாக்டர் 'கைகூடவில்லை' என்று சொல்லவே இல்லை. அவர் சொன்ன ஆங்கிலச் சொல் 'பாட்ச்' (botch). ஒழுங்காக முயன்றும் முடியாமல் போனால் அந்தச் சொல்லைப் போடமாட்டார்கள். தெரிந்த வேலையைத் தடுமாறிச் செய்து, கோணல்மாணலாக்கி, இருந்ததையும் கெடுத்துவைத்தால்தான் 'பாட்ச்'. உங்கள் விரல் நரம்பை இடம் மாற்றித் தைத்துவிட்டார்கள். "நாங்க சொதப்பிட்டோம், மன்னிச்சிடுங்க" என்றுதான் அவர் சொன்னார். அதற்கு நீங்கள் நன்றி சொன்னதும் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

'சொதப்பிட்டோம்' என் நாக்கு நுனிவரை வந்தது அக்கா. சமையல் கெட்டால் சொல்கிற சொல், ஜாக்கெட்டைத் தப்பாகத் தைத்தால் சொல்கிற சொல். அதைப் போய் ஒரு டாக்டர் வாயில் வைப்பதா என்று கூசினேன். உங்களுக்கு வலிக்காமல் சொல்லிவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் நேராகப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். உங்களை மறுபடி கூப்பிடுவார்கள். டாக்டர் அதையே திரும்பச் சொல்வார், வேறு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். உங்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் நீங்கள் வரச் சொன்னால் வருவேன். இனி ஒரு சொல்லையும் மழுப்பமாட்டேன்.

தலைகுனிவுடன்,
உங்கள் தங்கச்சி

மார்ச் 21

மொழிபெயர்ப்பாளர் அம்மாவுக்கு,

நேத்து டாக்டரைப் பார்த்தோம். உங்களுக்குப் பதிலா வந்த அம்மா படபடன்னு பேசுற ஆள். டாக்டர் வாயை மூடினதும், "சொதப்பிட்டாங்களாம்"னாங்க.

வீட்டுக்காரர் விருட்டுன்னு எழுந்தார். "யாரு? இவளா?"

"அவங்க என்ன பண்ணாங்க? இவங்கதான்"னு டாக்டரைக் கைகாட்டினாங்க.

வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துட்டார். வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமலே பாத்திரமெல்லாம் கழுவினார். என்கிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னு இன்னும் அவருக்குத் தெரியலை.

நான் டாக்டரை நல்லாத் திட்டினேன். அந்த அம்மா ஒண்ணு விடாம அவர்கிட்ட சொன்னாங்க. அவர் தலையாட்டிக் கேட்டுக்கிட்டார். அப்புறம்தான் எனக்கு மூச்சே ஒழுங்கா வந்துச்சு. அடுத்த மாசம் மறுபடி ஆபரேஷன். சரியாகலாம், ஆகாமலும் போகலாம்னார்.

நீங்க நல்லது நினைச்சுத்தான் செஞ்சீங்க, அது எனக்குப் புரியுது. ஆனா அத்தனை நாளும் இந்த விரலைப் பார்த்துப் பார்த்து என்னையே ஏசிக்கிட்டிருந்தேன். கோபம் இல்லைன்னு எழுதினா அதுவும் மழுப்பல்தான்.

ஆபரேஷன் அன்னைக்கு நீங்க வர வேண்டாம். அந்த அம்மாவையே கேட்டிருக்கேன். அவங்களுக்கு உங்க அளவுக்கு அழகாத் தமிழ் வராது. எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
முடி வெட்டுறவ