ஒரு தில்லானாவுக்கு மட்டும் தனி எண்

புது ஸ்பீக்கர் வந்த நாளிலிருந்து, நீ டிவிக்கு வைத்துவிட்டுப் போன பெட்டியில் எதைப் போட்டாலும் எல்லோருக்கும் வாய் முன்னால் போகிறது, குரல் பின்னால் வருகிறது. செய்தி வாசிக்கிறவர் வாயை மூடிய பிறகும் அவர் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது. என் மாணவிகள் ஆசையாகச் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கர், கம்பி கிடையாது, அதனால் குறை சொல்லவும் மனம் வரவில்லை. டிவிக்குக் கீழே இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாசனை வந்தது. அந்த வாசனை வந்தால் நீ தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பின்பக்கத்து ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது, வழக்கம்போல மக்கர் செய்கிறது.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மந்தைவெளி வரை மிருதங்கத்தை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு வருவாய். இருபத்து மூன்று வருடம் என் ஆட்டத்துக்கு வாசித்தாய். என்னைவிட இரண்டு வயது சின்னவன், ஆனாலும் நானாக ஒன்றும் செய்யத் தெரியாதவள் என்ற முடிவோடுதான் உள்ளே நுழைவாய். இந்தப் பெட்டியை நீயே ஒரு நாள் பையிலிருந்து எடுத்து வைத்தாய். இணையத்தில் வருகிற படங்களும் அதில் ஓடும், நம் நிகழ்ச்சிகளின் பதிவுகளும் ஓடும் என்றாய். எல்லாம் ஓடும், நீ பக்கத்தில் இருந்தால்.

படம் நடுவில் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தால் போனில் நீ சொல்வது எப்போதும் ஒன்றுதான். "மொதல்ல பிளக்கப் புடுங்கு டீச்சர். பத்து எண்ணு. அப்பால பேசலாம்." பத்து எண்ணச் சொல்கிறவன், நேரில் வந்தால் எட்டுதான் எண்ணுவாய். சோபாக் கைப்பிடியில் விரலால் ஆதி தாளம் ஒரு சுற்றுத் தட்டி, முதல் அடிக்குத் திரும்பியதும் பிளக்கைச் சொருகிவிடுவாய். ஒருமுறை ஒரு வாரம் எதுவுமே ஓடவில்லை. நீ வந்து வீடு முழுக்கச் சுற்றி, ரௌட்டரை நான் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தாய். "இன்னா டீச்சர், சிக்னல் இன்னா பீரோவத் தொறந்துகினு வருமா?" பார்க்க அசிங்கமாக இருந்தது, அதனால் ஒளித்தேன் என்றேன். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தாய்.

இந்த முறை பிளக்கைப் பிடுங்கினேன். பத்தும் எண்ணினேன், எட்டும் எண்ணினேன். சரியாகவில்லை. பெட்டி வாங்கிய கடையின் நம்பர் அதன் அடியில் ஒட்டியிருந்தது. எடுத்தவர் பொறுமையான மனிதர். "படம் ஓடும்போதே செட்டிங்ஸ் போங்க மேடம். ஆடியோ ஆஃப்செட்னு இருக்கும். சத்தம் லேட்டா வந்தா மைனஸ் பக்கம் தள்ளுங்க. வாயும் குரலும் ஒண்ணா வந்ததும், எல்லா வீடியோவுக்கும்னு கொடுத்து சேவ் பண்ணிடுங்க." சொன்னபடி செய்தேன். சத்தத்தை முன்னாலும் பின்னாலும் நகர்த்த முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். செய்தி வாசிக்கிறவர் ஒழுங்காகப் பேசினார். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது, உனக்குப் போன் செய்து பீற்றிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நொடி கை போனது.

சரிபார்ப்பதற்காக நம் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். வர்ணம் சரி. பதம் சரி. அந்தத் தில்லானா மட்டும் சரியில்லை. கால் விழுந்த பிறகு தாளம் கேட்டது. மறுபடியும் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அந்தத் திரையில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டார். மற்றதில் எல்லாம் மைனஸ், இதில் மட்டும் 0.175 செகண்டு, மைனஸ் இல்லை என்றேன். "அது யாரோ அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும் சத்தம் லேட்டா வர்ற மாதிரி தனியா வெச்சிருக்காங்க மேடம். அப்படி வெச்சா பொட்டி அதை ஞாபகம் வெச்சுக்கும். தானா வராது." யாரோ என்றால் இந்த வீட்டில் ரிமோட்டைத் தொட்டவர்கள் இரண்டே பேர். அதில் எனக்கு அன்று காலை வரை அந்தத் திரை இருப்பதே தெரியாது.

உன் எண்ணை எடுத்துவிட்டு, மற்றப் பதிவுகளைப் போலவே வைத்துப் பார்த்தேன். பதினொரு நிமிடத் தில்லானா. முதல் கோர்வையிலிருந்து கடைசி வரை, தாளம் கேட்ட பிறகு என் கால் விழுகிறது. ஒரு இழைதான். ஆனால் நான் பார்த்தேன்.

உனக்கு நினைவிருக்கும், அந்த நிகழ்ச்சி எனக்கு என்ன என்று. முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து, ஒன்றரை வருடம் கழித்து, ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் மேடை. மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹால். நீ மிருதங்கம், வசந்தா நட்டுவாங்கம். கையில் தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொன்ன அவள், அபிராமபுரத்துக்காரி, ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குத் தோழி. ஆடி முடித்து நான் சலங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தில்லானா முழுக்க நீ பின்னாடியே வந்துண்டிருந்தேடி. ஒரு இழைதான், மத்தவாளுக்குத் தெரிஞ்சிருக்காது. முட்டி தாங்கலைன்னா மேடையை விட்டுடேன். சொல்லிக்குடுத்துண்டு இரேன்." அவள் நல்லதாகத்தான் சொன்னாள். எனக்கு அப்போது அது காதில் விழவில்லை, மேடையை விடு என்பது மட்டும்தான் விழுந்தது.

மறுநாள் உன்னிடம் கேட்டேன். நான் பின்னால் வந்தேனா? "பொட்டியில போட்டுப் பாத்துக்கலாம்" என்றாய். அப்போது அது எனக்கு நியாயமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பதிவுகளை எடுத்துக்கொண்டு வந்தாய். நான் காபி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது ரிமோட்டோடு எதையோ நோண்டிக்கொண்டிருந்தாய். அதில் அதிசயம் என்ன, நீ எப்போதும் எதையாவது நோண்டிக்கொண்டுதான் இருப்பாய். தில்லானாவைப் போட்டாய். ஒவ்வொரு அடியும் தாளத்தின் மேலேயே விழுந்தது. "கரீட்டாத்தானே கீது? இன்னாத்துக்கு அழுவுற டீச்சர்?" என்றாய். டம்ளரில் காபி ஆறிப்போகும் வரை அழுதேன்.

அன்றே வசந்தாவுக்குப் போன் செய்து, "பெட்டியில் பார்த்தாகிவிட்டது. பின்னால் வந்தது நான் இல்லை. நீ முதலில் உன் காதை டாக்டரிடம் காட்டிக்கொண்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நாற்பது வருடத் தோழியிடம் பேசுகிற பேச்சா அது? வேறு நட்டுவனாரை வைத்துக்கொண்டு இன்னும் நான்கு வருடம் ஆடினேன். பிறகு நானாக நிறுத்தினேன். வசந்தாவோடு பேச்சு நின்று பதினொரு வருடம். உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்த அன்றுகூட, உன் வீட்டுச் சந்தில் அவள் மாடிப்படிப் பக்கம் நின்றாள், நான் வாசல் கேட் பக்கம் நின்றேன்.

இப்போது எனக்குக் குழப்பம். என்னைச் சமாதானப்படுத்த நீ சத்தத்தைப் பின்னால் தள்ளினாயா? அப்படியென்றால் அந்த நான்கு வருட மேடையும் நீ போட்ட பிச்சை, அதை நான் தெரியாமல் வாங்கிக்கொண்டேன். அப்படி நினைத்ததும் உன் மேல் கோபம் வந்தது, நிஜமான கோபம். அடுத்த நிமிடமே இன்னொன்று தோன்றியது. படத்தை ஹாலின் கடைசி வரிசையிலிருந்து கேமராவில் எடுத்தோம், சத்தத்தை மைக்காரரிடமிருந்து தனியாக வாங்கினோம். இரண்டையும் வீட்டில் ஒட்டியவன் நீ. தில்லானாவுக்கு முன்னால் கேமராவில் பேட்டரி மாற்றினார்கள், ஆகவே அதை மட்டும் தனியாக ஒட்டியிருப்பாய். ஒட்டும்போதே பிசகியிருக்கலாம். அதை இங்கே பெட்டியில் வைத்துச் சரிசெய்திருக்கலாம். அப்படியென்றால் நான் சரியாகத்தான் ஆடினேன், நீ பொய் சொல்லவில்லை, வசந்தாவுக்குத்தான் தப்பாகக் கேட்டது.

எது என்று கண்டுபிடிக்க, படத்தில் உன்னைத் தேடினேன். உன் கை தோலில் படுவது தெரிந்தால் போதும், சத்தம் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கேமரா பதினொரு நிமிடமும் என்னையே பார்க்கிறது. இடது ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் உன் முழங்கை வந்து போகிறது. அதை முப்பது தடவை ஓட்டிப் பார்த்தேன். முழங்கை எப்போது ஆடுகிறது, விரல் எப்போது விழுகிறது என்று யாரால் சொல்ல முடியும்? உன்னிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். கேட்க முடியாது என்பது அன்று எனக்குப் புதிதாக ஒருமுறை உறைத்தது.

மேடையில் இருந்தவர்களில் பாடியவரும் போய்விட்டார். மீதி வசந்தா ஒருத்திதான். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். ஒரு தில்லானாவைப் பார்க்க வர முடியுமா என்றேன். எந்தத் தில்லானா என்று அவள் கேட்கவில்லை. "சனிக்கிழமை கார்த்தால வரேன்" என்றாள்.

வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு டிவியின் சொந்தச் சத்தத்திலேயே போட்டேன். உன் எண்ணோடு ஒருமுறை, உன் எண் இல்லாமல் ஒருமுறை. எது எது என்று சொல்லவில்லை. அவள் இரண்டையும் கடைசி வரை பார்த்தாள். மடியில் அவள் விரல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

"ரெண்டுத்துக்கும் என்னடி வித்தியாசம்?" என்றாள்.

அவளுக்குக் காது மந்தமாகிவிட்டதா, அல்லது அவளும் உன்னைப் போல என்னைச் சமாதானப்படுத்தக் கிளம்பிவிட்டாளா? தெரியவில்லை. உன் எண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தன் பக்கத்தைச் சொன்னாள்.

"அன்னிக்கு ஆத்துக்குப் போனதும் எனக்கே சந்தேகம் வந்துடுத்து. உன் முட்டிக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துண்டேதான் தட்டிண்டிருந்தேன். பயத்துல நான்தான் முன்னாடி ஓடிட்டேனோ என்னமோ. நீ பின்னாடி வந்தியா, நான் முன்னாடி போனேனா, இன்னி வரைக்கும் தெரியலை. நீ திட்டின அப்புறம் அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். மறுநாள் மூணு தடவை, அப்புறம் ஒரு வாரம். நீ எடுக்கவே இல்லை."

அவள் போன பிறகு பெட்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நீ செய்தது என்னவென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கோபமும் போகவில்லை, நன்றியும் போகவில்லை, இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் குழப்பமே இல்லாமல் தெரிகிறது. அந்த வாரம் முழுக்க வசந்தாவின் பெயர் என் போனில் வந்து வந்து போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதை யாரும் எனக்காக நகர்த்தி வைக்கவில்லை.