நிலானியின் லைசன்சும் எங்கள் வீட்டு ஆட்கணக்கும்

புரட்டாதி 9, செவ்வாய்

விடியவே வெயில். காற்று விழுந்துவிட்டது, முருங்கையில் ஓர் இலை அசையவில்லை. குளத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் என்று மீன்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

சுவரில் இருந்த படங்களை இறக்கித் துடைத்தேன்.

கஜன்: மூத்த பேரன். வவுனியாவில் பட்டம் வாங்கிய நாள், கறுப்பு அங்கியோடு. எங்கள் ஒழுங்கையில் முதல் பட்டதாரி. இப்போது அங்கேயே வங்கியில் வேலை.
சுஜி: கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் தாதி. வெள்ளை உடுப்பு, தொப்பி. போன மாதம் பெரிய டொக்டரே இவளைக் கேட்டுத்தான் மருந்தை மாற்றினாராம்.
கவின்: கடைக்குட்டி, எட்டாம் வகுப்பு. தமிழ்த்தினப் போட்டிப் பேச்சில் மாகாணம் வரை போய் இரண்டாம் இடம். முதலாம் இடம் வந்த பிள்ளையின் பேச்சை நானும் கேட்டேன். கவின்தான் திறம்.
நிலானி: உயர்தரப் பரீட்சையில் தொழில்நுட்பப் பாடத்தில் நல்ல பெறுபேறு, பிறகு கொம்பியூட்டர் டிப்ளோமா. வீட்டிலிருந்தே கடைகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறாள். புதுக்குடியிருப்புச் சந்தைப் பக்கத்து மருந்துக்கடையில் பில் அடிப்பது அவளுடைய புரோகிராமில்.

நிலானிக்கு மட்டும் புதுப் படம் இல்லை. பத்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய படம்தான் இன்னும், இரட்டைப் பின்னல். வீட்டில் இருந்து செய்யும் வேலைக்கு அங்கியும் இல்லை, தொப்பியும் இல்லை.

கோழி அடைகாக்க இருந்துவிட்டது. கண் மருந்து முடிகிறது, சாந்தியிடம் சொல்ல வேண்டும். (சாந்தி என் மகள், நால்வரின் தாய். என் பிள்ளை. ஆனால் என்னைத்தான் அதட்டுவாள்.)

புரட்டாதி 10, புதன்

நிலானி காலையில் இருந்து கதிரையை விட்டு எழும்பவில்லை. தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது. பக்கத்தில் போய் இருந்தேன்.

விஷயம் இதுதான். நெல் மில் முதலாளி இவளிடம் ஒரு புரோகிராம் கேட்டிருக்கிறார். நெல் மூட்டையைத் தராசில் வைத்தவுடன் நிறை தானே கொம்பியூட்டரில் விழ வேண்டும், விவசாயியின் கையில் தமிழில் துண்டு வர வேண்டும். இவ்வளவு பெரிய வேலை இவளுக்கு முதல் தரம். அதை எழுத ஒரு கருவி தேவை. இப்போது பாவிப்பது சும்மா பாவித்துப் பார்க்கக் கொடுத்தது. முக்கால்வாசி அதில் எழுதிவிட்டாள், மாதக் கடைசியில் பூட்டிவிடுவார்களாம்.

"தச்சுவேலைக்கு உளி மாதிரியோ?"

"ஓம் அம்மம்மா."

"அப்ப வாங்கிறதுக்கென்ன. ஒருக்கா வாங்கினா எங்கடதானே."

"இல்லையணை. வாங்கினாலும் அவையின்ரதான். பாவிக்க மட்டும் விடுவினம். அதுக்குப் பேர்தான் லைசன்ஸ்."

எனக்கு உடனே விளங்கியது. எங்கள் வளவும் பெர்மிட் காணிதானே. அரசாங்கத்துக் காணி. பெர்மிட்டில் பெயர் உள்ளவர் இருக்கலாம், பயிர் செய்யலாம், விற்க ஏலாது.

அவள் பார்த்து வைத்திருப்பதை எனக்கு வாசித்தாள். கம்பனிப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. பெயருக்குப் பக்கத்தில் உள்ள அடையாளப் படத்தை வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

இலைக்காரர்: குத்தகை. வருடத்துக்கு ஒரு கன்றுத்தாச்சி மாட்டின் விலை. கட்டாத வருடம் பூட்டு. எழுதியது உள்ளே கிடக்கும், தொட ஏலாது.

முக்கோணக்காரர்: ஒரே தரம் கட்டினால் காலத்துக்கும் பாவிக்கலாம். ஆனால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் விலை. பிறகு வரும் திருத்தங்களுக்குத் தனிக் காசு.

இனாமாகவும் ஒன்று உண்டு. நல்லதுதானாம். மருந்துக்கடைக்கு அதில்தான் செய்தாள். ஆனால் மில் தராசோடு கதைக்கும் பகுதி அதில் இல்லை. அதையும் இவளே எழுத வெளிக்கிட்டால் அடுத்த போக நெல்லும் வந்துவிடும்.

"எல்லாம் டொலரிலயணை. நான் கணக்குப் பார்த்து முடியிறதுக்குள்ள அது ஏறியிடுது."

"வேற வழியில்லையோ பிள்ளை?"

"முக்கோணத்தில சின்ன ஆக்களுக்கு ஒரு சலுகை இருக்காம். எழுதிப் போட்டிருக்கிறன். கொழும்பு ஏஜென்ட் கோல் எடுத்து விசாரிப்பினமாம்."

அது கிடைத்தால் வருடத்துக்கு இரண்டு மூட்டை நெல்லின் விலைதான். கிடைக்காவிட்டால் மில் வேலை இல்லை. மில் வேலை இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு கம்பனி வேலைக்குக் கூப்பிடுகிறதாம். அங்கே கருவி எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். இதை அவள் சொல்லவில்லை, தாயிடம் குசினிக்குள் சொன்னது கேட்டது.

நான் ஒன்றும் கேட்காத மாதிரி வெங்காயம் உரித்தேன்.

புரட்டாதி 12, வெள்ளி

கோயிலுக்குப் போய் வந்தேன். ஐயர் புதியவர், சத்தம் காணாது.

நிலானி மில்லுக்குத் தராசு பார்க்கப் போனவள், போனைச் சார்ஜில் விட்டுவிட்டாள். அடித்தது. எடுத்தேன்.

ஏஜென்ட். பெயர் ரியாஸ். கொழும்பு ஒஃபீஸ் என்றாலும் குரல் நம்முடைய பக்கத்துக் குரல். கேட்டேன், ஊர் வவுனியா. மரியாதையான பிள்ளை.

"நிலானி இல்லையோ அம்மா?"

"மில்லுக்குப் போட்டா. என்னட்டச் சொல்லுங்கோ தம்பி, நான் அவவின்ர அம்மம்மா."

"சின்ன விபரம் ஒண்டுதான். உங்கட இடத்தில எத்தனை பேர் இந்த வேலை செய்யினம்?"

விசாரணை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. விசாரணை எனக்குப் புதிதில்லை. அரசாங்கம் ஆள் எண்ணிக் காணி பிரித்துக் கொடுத்த காணிக் கச்சேரி பார்த்தவள், வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி போட வந்தவர்களுக்கும் பதில் சொன்னவள். ஆள் கூடினால்தான் பங்கு வரும். காணிக் கச்சேரிக்கு எங்கள் வீட்டுக்காரர் தன் தங்கையின் பிள்ளையையும் தோளில் தூக்கிக்கொண்டு போன மனிதர்.

"நாலு பேர்," என்றேன். பெயர் ஒவ்வொன்றாகச் சொன்னேன், யார் என்ன படிப்பு என்றும் சொன்னேன்.

"நாலு பேரும் சேர்ந்தோ எழுதுறவை?"

"எங்கட வீட்டில எல்லாம் சேர்ந்துதான் தம்பி."

பொய்யும் இல்லை. சுஜியின் முதல் சம்பளத்தில் வந்த கொம்பியூட்டர். இங்கிலீஸ் கடிதம் கஜன் பார்த்துக் கொடுப்பான். கவின் பட்டன்களை அமத்தி அமத்தி எங்கே பிழைக்கிறது என்று சொல்வான்.

"நல்லது அம்மா, நான் எழுதி அனுப்பிறன்," என்று வைத்தார்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. வரும்போது தெரியட்டும்.

புரட்டாதி 13, சனி

குரங்கு வந்து பப்பாசி இரண்டைக் கொண்டுபோய்விட்டது. கவின் கவணோடு நின்றான், ஒன்றும் படவில்லை.

கடைக்கு: சவுக்காரம், வெந்தயம், நெருப்புப்பெட்டி, என் கண் மருந்து.

நிலானி கேட்டாள், "என்னணை, பாட்டெல்லாம் முணுமுணுக்கிறியள்?" சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

புரட்டாதி 15, திங்கள்

வந்தது.

நிலானி வாசித்தாள். திரும்ப வாசித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை, அதுதான் கூட வருத்தம்.

"அம்மம்மா, சுஜியும் புரோகிராம் எழுதுறாவோ?"

"ஊசி போடுறவளுக்கு இதென்ன பெரிய வேலையே."

"கவினும் எழுதுறாரோ?"

கவின் அறைக்குள் இருந்து, "நான் எழுதுவன்," என்றான்.

"நீ பொத்து வாயை. அம்மம்மா, சலுகை தனி ஆளா வேலை செய்யிறவைக்குத்தான். நாலு பேர் எண்டா அது கம்பனி. தலைக்கு ஒரு விலை போட்டு அனுப்பியிருக்கினம்."

"தலைக்கு ஒரு விலையோ? ஆள் கூடினாக் குறையத்தானே வேணும்."

"கூடுமணை. இஞ்ச ஆள் கூடக் கூடக் காசு கூடும்."

தொகையைக் காட்டினாள். மாட்டில் கணக்குப் பார்த்தேன். ஒரு பட்டி.

காணியில் ஆள் கூடினால் நிலம் கூடும். வீட்டுத்திட்டத்தில் ஆள் கூடினால் புள்ளி கூடும். நிவாரணத்தில் ஆள் கூடினால் மா கூடும். என் வாழ்நாளில் ஆள் கூடியதற்குத் தண்டம் கட்டியது இதுதான் முதல்.

"எழுதி மாத்தேலாதோ?"

"எழுதினா நம்புவினமோ தெரியாது. சலுகைக்காகப் பேரை வெட்டினம் எண்டு நினைப்பினம். பரவாயில்லையணை. விடுங்கோ."

பின்னேரம் அலுமாரிக்கு மேலே இருந்த பெரிய பையை இறக்கி வெயிலில் வைத்திருந்தாள். கொழும்புக் கம்பனிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.  சாந்தி பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

என் சோற்றைக் கோழிக்குப் போட்டேன். சொதி நன்றாகத்தான் இருந்தது.

புரட்டாதி 16, செவ்வாய்

நிலானி குளிக்கப் போன நேரம் அந்த நம்பரை அழுத்தினேன். போனை எடுத்தது குற்றம்தான். வேறு வழி தெரியவில்லை.

"தம்பி ரியாஸ், நிலானியின்ர அம்மம்மா கதைக்கிறன். வெள்ளிக்கிழமை தந்த ஆட்கணக்கில கொஞ்சம் வெட்ட வேணும்."

"ஆரை அம்மா வெட்டுறது?"

"சுஜியை எடுத்துவிடுங்கோ. அவ தாதி. கொம்பியூட்டர் வாங்கித் தந்தவ, அதால சேர்த்தனான்."

"சரி. மூண்டு பேர்."

"கஜனையும். அவர் வங்கியில. இங்கிலீஸ் மட்டும் பார்ப்பார்."

"ரெண்டு பேர்."

"கவின்..."

"கவின் என்ன செய்யிறவர் அம்மா?"

"பிழை பிடிப்பார்."

"அது உண்மையாவே வேலைதான். எத்தினை வயசு?"

"எட்டாம் வகுப்பு."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அவருக்கு லைசன்ஸ் வேண்டாம் அம்மா. அப்ப எழுதுறது ஆர்?"

"நிலானி."

"நிலானி மட்டுமோ?"

"நிலானி மட்டும்."

 அந்த மூன்று பேரையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் பிள்ளை தனியே நிற்கிறாள். மருந்துக்கடைக்காரர் கத்தினால் தனியேதான் கேட்டாள். கரண்ட் போனால் தனியேதான் திரும்ப எழுதினாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்கிறோம் என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லி வந்தேன்.

"ஏனம்மா அண்டைக்கு நாலு எண்டனீங்கள்?"

"காணிக் கச்சேரி எண்டு நினைச்சிட்டன் தம்பி."

 

"எங்கட உம்மாவும் அப்பிடித்தான்," என்றார். "நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்து பதியேக்குள்ள, கலியாணம் கட்டிப் போன ராத்தாவையும் சேர்த்துச் சொன்னவ. பிறகு வெட்டினது பெரிய பாடு. நிலானியை ஒரு மெயில் போடச் சொல்லுங்கோ. நடந்ததை நடந்தபடி எழுதட்டும். என்ர பெரியவரோட நான் கதைக்கிறன். முடிவு அவரின்ர கையில, நான் பொறுப்பெடுக்க மாட்டன்."

நிலானி தலை துவட்டிக்கொண்டு வந்தாள். சொன்னேன். கோபிப்பாள் என்று பார்த்தேன். என் தலையில் தன் தலையை ஒருக்கா இடித்துவிட்டுப் போய் எழுதினாள். ஈரத் தலை. என் சட்டை எல்லாம் நனைந்தது.

"காணிக் கச்சேரியை இங்கிலீசில என்னெண்டு சொல்லுறது?" என்று போனில் கஜனிடம் கேட்டாள். அவன் சிரித்தது எனக்கே கேட்டது.

புரட்டாதி 17, புதன்

ஒன்றும் வரவில்லை. முட்டையில் ஒன்று கூழ். பை இன்னும் கீழே.

புரட்டாதி 18, வியாழன்

வந்துவிட்டது. தனி ஆள் லைசன்ஸ். ஒரு வருடத்துக்கு. வருமானம் கூடினால் அடுத்த முறை பெரிய விலைதான், அது நிபந்தனை. கூடட்டும், கட்டுவோம்.

திரையில் எனக்குக் காட்டினாள். நீளமான இலக்கம், அதற்குக் கீழே பெயர். இங்கிலீஸ் எழுத்து எனக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும். எழுத்துக் கூட்டினேன். நி, லா, னி. வேறு பெயர் ஒன்றும் இல்லை, பெர்மிட் மாதிரியேதான்.

கொழும்புக் கம்பனிக்கு என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை. பின்னேரம் பார்த்தேன், பை அலுமாரிக்கு மேலே. தூசி தட்டாமலே ஏற்றிவிட்டாள்.

சாந்திக்குச் சொன்னேன், கண் மருந்து நாளைக்கு வாங்கினாலும் காணும் என்று. "இப்பத்தான் கண் தெரியுதோ," என்றாள்.

புரட்டாதி 21, ஞாயிறு

கஜன் சனிக்கிழமை வந்தான். இன்று எல்லோரும் மில்லுக்கு. நான் ஓட்டோவில், என் நல்ல சீலை. மில்லுக்குள் ஒரே உமித்தூசு, தும்மல்.

விசுவமடுவில் இருந்து வந்த ஒருவரின் மூட்டையை முதலில் வைத்தார்கள். நிறை திரையில் விழவில்லை. முதலாளி, "என்ன பிள்ளை, தராசு கதைக்குதில்லையோ, பசியோ?" என்று பகிடி. நிலானி குனிந்து வயரைப் பார்த்தாள், ஏதோ தட்டினாள், மூட்டையை இறக்கித் திரும்ப வைக்கச் சொன்னாள். விழுந்தது. துண்டும் தமிழில் வந்தது. விசுவமடுக்காரர் கண்ணாடியைப் போட்டுத் தன் பெயரை வாசித்தார். "பிழையில்லை," என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

முதலாளி என்னிடம் கேட்டார்: "உதெல்லாம் பிள்ளை தனியவோ எழுதினது, ஆச்சி?"

பக்கத்தில் கஜன் நிற்கிறான். கவின் தராசில் ஏறி நின்று தன் நிறை பார்க்கிறான்.

"ஓம், தனிய," என்றேன்.

நிலானி திரும்பிப் பார்த்தாள்.

கஜன் போனில் நிறையப் படம் பிடித்தான். வீட்டில் காட்டினான். எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் இடையில். ஒன்றில் என் சீலைத் தலைப்பு. ஒன்றே ஒன்றில்தான் அவள் தனியே, திரையைப் பார்த்தபடி, கன்னத்தில் உமி. பின்னேர பஸ்ஸில் அவன் வவுனியாவுக்குப் போய்விட்டான். சொல்ல மறந்துவிட்டேன்.

நாளைக்கு மறக்காமல் போன் எடுக்க வேண்டும்: கஜன், அந்த உமிப் படத்தைப் பெரிதாகக் கழுவித் தபாலில் போடு ராசா. மடங்காமல் மட்டை வைத்து. எங்களை ஒருவரையும் அதில் சேர்க்க வேண்டாம்.